பள்ளி மெயிலின் சாவி யார் கையில்?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு அறக்கட்டளை மூன்று மெட்ரிக் பள்ளிகள் நடத்துகிறது. அதில் ஒன்றில் நான் கணினி ஆசிரியை. ஆசிரியர்களும் மாணவர்களும் மின்னஞ்சலை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று மூன்று பள்ளிக்கும் பொதுவாக ஒரு விதிமுறை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் தாளாளர். இணையத்தில் தேடியபோது அமெரிக்காவில் ஒரு பள்ளி மாவட்டத்தின் விதிமுறை கிடைத்தது, 22 பக்கம். அதை அப்படியே தமிழாக்கிக் கொடுத்தால் போதுமா? பிள்ளைகளின் மெயிலை நாங்கள் திறந்து பார்க்கலாமா? இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பள்ளியின் ஜிமெயிலுக்கு ஓடிபி இன்னும் போன வருடம் விலகிய பிரின்சிபாலின் போனுக்குத்தான் போகிறது. ஒவ்வொரு தடவையும் அவரைக் கூப்பிட்டுக் கேட்கிறோம். இதெல்லாம் விதிமுறையில் வருமா?

– ஒரு கணினி ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்:

வணக்கம் டீச்சர்.

கடைசியில் போகிற போக்கில் ஒரு சங்கடம் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பள்ளிகளுக்கு மெயிலும் கணினியும் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. போகிற இடத்திலெல்லாம் இதே கதைதான். ஏதோ ஒரு வருடம், ஏதோ ஒரு விண்ணப்பத்துக்கு அவசரமாக மெயில் ஐடி கேட்டிருப்பார்கள். பிரின்சிபாலோ கிளார்க்கோ தன் போனிலேயே ஒன்றைத் திறந்திருப்பார். பாஸ்வேர்டு பள்ளியின் பெயரும் ஆரம்பித்த வருடமும். பிறகு அந்த ஐடிதான் கல்வி அலுவலகத்தில், வங்கியில், எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் பள்ளி, மாணவர் விவரத் தளம்) என்று எல்லா இடத்திலும் ஏறிவிடும். திறந்தவர் வேலையை விட்டுப் போனால் சாவியும் அவரோடு போகும். கேட்டவுடன் ஓடிபி சொல்கிறார் என்றால் உங்கள் பழைய பிரின்சிபால் நல்ல மனுஷிதான். மனஸ்தாபத்தோடு விலகிய ஒருவராக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தாளாளரை ஒரு நிமிடம் யோசிக்கச் சொல்லுங்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கு மெயில் அமைத்தேன். பள்ளிக்கென்று டொமைன், அதாவது சொந்தமாக ஒரு இணைய முகவரி இருந்தது. அது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்காமலே அதன்மேல் 60 ஆசிரியர்களுக்குக் கணக்குத் திறந்துவிட்டேன். வெப்சைட் போட்டுக் கொடுத்த பையன் அதைத் தன் பெயரில் வாங்கியிருந்தான். பிறகு அவன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்களெல்லாம் அவன் பார்க்காத ஏதோ ஒரு ஐடியில் குவிந்தன. ஒரு திங்கட்கிழமை காலையில் மொத்தப் பள்ளிக்கும் மெயில் நின்றது. சில நூறு ரூபாய் விஷயம். அவனைத் தேடிப் பிடிக்கவே நான்கு நாள் ஆனது.

ஆகவே உங்கள் விதிமுறையின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: "பள்ளியின் மின்னஞ்சல் கணக்கு பதவிக்குச் சொந்தம், பதவியில் இருக்கும் ஆளுக்குச் சொந்தமில்லை." அந்த வரி உண்மையாக வேண்டுமானால் சில வேலைகள் செய்ய வேண்டும். அறக்கட்டளையின் பெயரில் ஒரு சிம் வாங்குங்கள். அதை ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டு அலுவலக பீரோவில் வையுங்கள். ஓடிபி அதற்கு வரட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து யாருக்காவது ஒரு அழைப்பு போக வேண்டும், ரீசார்ஜும் நிற்கக் கூடாது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் எண் துண்டிக்கப்படலாம்; பிறகு அதே எண் வேறொருவர் கைக்குப் போகும். பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபியும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடும்போது கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அதை அச்சடித்து உறையில் ஒட்டி, பள்ளியின் அசல் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். பீரோ சாவி பிரின்சிபாலிடமும் தாளாளரிடமும் இருக்கட்டும். டொமைன் இருந்தால் அதுவும் அறக்கட்டளையின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

ஆசிரியர் ஒருவர் விலகும்போது, நோ டியூஸ் காகிதத்தில் லைப்ரரி புத்தகத்துக்குக் கீழே "மெயில் கணக்கு" என்று ஒரு வரி சேருங்கள். அன்றே கணக்கை நிறுத்தி வையுங்கள், ஆனால் அழிக்காதீர்கள். கூகுளின் பள்ளிக் கணக்குகளில் ஒருவரை நீக்கினால் திரும்ப மீட்க 20 நாள்தான் அவகாசம். இருபத்தோராம் நாள் மார்க் பட்டியல் வேண்டும் என்று வந்து நின்றால் நானும் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, அந்த 22 பக்கத்துக்கு வருவோம்.

தமிழாக்க வேண்டாம். எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள், அவர்கள் ஊருக்கு. அங்கே பள்ளி மாவட்டம் என்பது நம் தருமபுரி மாவட்டம் மாதிரி இல்லை. பெரும்பாலும் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு குழு அதை நடத்தும். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியும் அதுவே. அதன் ஒவ்வொரு பத்திக்குப் பின்னாலும் அந்த நாட்டுச் சட்டம் ஒன்று நிற்கும். இணையக் கட்டணத்தில் அரசின் சலுகை வேண்டுமென்றால் பள்ளிகள் ஆபாசத்தைத் தடுக்கும் வடிகட்டியும் இணையப் பாதுகாப்புக் கொள்கையும் வைத்திருக்க வேண்டும் என்று 2000-ல் ஒரு சட்டம் வந்தது. மாணவரின் பதிவேடுகளை யார் பார்க்கலாம் என்பதற்கு 1974-ல் வந்த சட்டம். 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் தகவலை இணைய நிறுவனங்கள் திரட்டப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது 1998 சட்டம்.

அந்த 13-ஐ நீங்கள் அப்படியே எடுத்து எழுதினால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். நம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயது முடியாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம், அதுவும் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கல்விக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. இருந்தாலும் சம்மதக் கடிதத்தை வரும் ஜூனிலேயே அட்மிஷன் படிவத்தோடு வாங்கிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

அந்த ஆவணத்திலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்க ஒரு வழக்கம் உண்டு. அங்கே பல இடங்களில் பிள்ளையும் பெற்றோரும் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கணக்குத் திறப்பார்கள். ஆனால் அங்கே படித்துக் கையெழுத்துப் போடுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். உங்கள் பக்கம் அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், கையெழுத்துப் போடப் பாட்டி வருவார். ராயக்கோட்டை தாண்டினால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் ஏராளம். அதனால் விதிமுறை ஒரே பக்கம் இருக்கட்டும். பெற்றோர் கூட்டத்தில் ஒரு ஆசிரியர் அதை வாசித்துக் காட்டட்டும், தேவைப்பட்டால் அவர்கள் மொழியில். வாசித்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகிறது என்றால் நீங்கள் அதிகமாக எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பெற்றோருக்கு மெயில் அனுப்புவது பற்றி அந்த ஊர்க்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நமக்கு ஒரு வரி போதும். இங்கே யாரும் மெயில் பார்ப்பதில்லை, வாட்ஸ்அப்தான். எப்போதாவது பலருக்கு அனுப்ப நேர்ந்தால் முகவரிகளை பிசிசி-யில் போடுங்கள். ஒருவர் ஐடி இன்னொருவருக்குத் தெரியாது.

இப்போது ஆசிரியர்கள். பள்ளி வேலை பள்ளிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். மார்க் பட்டியலைச் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பினால் அது அவர் வீட்டுக்கும் போகும், அவர் பிள்ளை விளையாடும் போனுக்கும் போகும். பட்டியல் வெறும் மார்க்காக இருந்தாலாவது பரவாயில்லை. எமிஸ் எண், ஆதார், சாதி, அப்பாவின் போன், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே எக்செல்லில் கிடக்கும். கேட்டது மார்க்கும் பெயரும் மட்டும் என்றால் மற்ற நிரல்களை அழித்துவிட்டு அனுப்ப வேண்டும். மறைத்தால் போதாது, மறைத்த நிரல் கூடவே பயணம் செய்யும், இரண்டு கிளிக்கில் வெளியே வரும். நல்ல அனுபவமுள்ள ஆசிரியர்களே இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். உதவித்தொகை வந்திருக்கிறது என்று பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொல்லி ஓடிபி வாங்கும் மோசடிக்காரர்கள் பற்றி நாளிதழில் படித்திருப்பீர்கள். பெயரும் வகுப்பும் தெரிந்தவன் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? பணம் போய்விட்டது என்று யாராவது வந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதி ஐந்து நொடிக்குத்தான் இருக்கும். எல்லோர் கணக்கிலும் அதை 30 நொடியாக மாற்றிவிடுங்கள். எத்தனையோ பயிற்சி வகுப்புகளை விட இந்த ஒரு மாற்றம் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

கல்வி அலுவலகத்துக்கு எழுதும் மெயிலில் வார்த்தை கவனம் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் 'தகவல்' என்றால் என்ன என்று சொல்லும் பிரிவிலேயே மின்னஞ்சல் பெயர் சொல்லி இருக்கிறது. நீங்கள் தனியார் பள்ளிதான். ஆனால் உங்கள் மெயில் போய்ச் சேர்ந்த இடம் அரசு அலுவலகம். யாராவது மனுப் போட்டு அதைக் கேட்கலாம். கோபத்தில் எழுதியதை வரைவாக வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மெயில் அனுப்பிவிட்டு, பார்க்கவில்லையா என்று போன் செய்யும் பழக்கம் நிர்வாகத்தில் யாருக்காவது இருந்தால் அதற்கும் ஒரு வரி எழுதுங்கள். அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பஸ் மாறி வருகிறவர்கள் உங்கள் ஆசிரியர்கள்.

மாணவர் விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை மெயிலே வேண்டாம் என்பது என் கருத்து. வகுப்பறைப் பாடங்களுக்கு உள்ளே நுழைய ஒரு கணக்கு இருந்தால் போதும், மெயிலை அணைத்துவிடலாம். ஒன்பதிலிருந்து மெயிலைத் திறங்கள். ஆனால் பள்ளி டொமைனுக்குள் மட்டும் போய்வரும்படி வையுங்கள். கல்வி நிறுவனங்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் கணக்குகளிலேயே இந்தக் கட்டுப்பாட்டை வைக்கலாம். வெளியிலிருந்து வருவதும் வராது, வெளியே போவதும் போகாது. பாதித் தொல்லை அங்கேயே ஒழிந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலரும் விழுவது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நீட்டுக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் பள்ளி ஐடியைக் கொடுத்துவிடக் கூடாது. பள்ளிக் கணக்கு மே மாதத்தோடு முடிந்துவிடும், கலந்தாய்வு அதற்குப் பிறகுதான் நடக்கும். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு ஐடி வேண்டும், அதைத் தங்கள் கையாலேயே திறக்க வேண்டும். நெட் சென்டர் அண்ணன் திறந்து கொடுத்த ஐடியில் மீட்பு எண்ணாக (பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்கும் போன் எண்) அவர் எண்ணே இருக்கும், பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கும். நம் பிரின்சிபால் கதையின் சின்னப் பதிப்பு இது. டிசம்பரில் ஒரு பீரியட் ஒதுக்கி, லேபில் உட்கார வைத்து, வீட்டில் எப்போதும் இருக்கும் போன் எண்ணைக் கொடுத்து அவர்களையே திறக்க வைத்துவிடுங்கள். அப்பாவோடு பெங்களூர் போய்வரும் எண் வேண்டாம். விதிமுறை முழுவதையும் விட இந்த ஒரு பீரியட் பிள்ளைகளுக்கு அதிகம் உதவும்.

திறந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பள்ளிக் கணக்கு என்பதால் பார்க்க வழி இருக்கிறது. வழி இருப்பதாலேயே தினம் பார்க்கக் கூடாது. "இந்தக் கணக்கு பள்ளியுடையது. புகார் வந்தாலோ பாதுகாப்புக்கு ஆபத்து என்று தோன்றினாலோ பள்ளி இதைத் திறந்து பார்க்கும்" என்று முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள், ஆசிரியர்களுக்கும் இதுவே. பார்க்கும்போது இருவர் சேர்ந்து பார்க்க வேண்டும். பெண்பிள்ளையின் கணக்கு என்றால் ஒருவராவது ஆசிரியையாக இருக்க வேண்டும். என்று, யார், எதற்காகத் திறந்தார்கள் என்று ஒரு நோட்டில் பதிய வேண்டும். யாருடைய சொந்த ஜிமெயிலின் பாஸ்வேர்டையும் பள்ளி கேட்கவே கூடாது.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் நம் மாவட்டங்கள்தான். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் ஒரு பையனும் கணக்குப் பாடத்துக்கு நடுவே நாலு வரி அசட்டுத்தனமாக எழுதிக்கொள்வார்கள். ஆர்வக்கோளாறான ஒரு ஆசிரியர் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போன் போடுவார். அடுத்த வாரம் அந்தப் பெண் பள்ளிக்கு வர மாட்டாள். தை மாதத்தில் கல்யாணம் என்று செய்தி வரும். குழந்தைத் திருமணம் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் புதிதில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்குச் சொல்வதா, எப்படிச் சொல்வது என்பதைப் பிரின்சிபாலும் அந்தப் பெண் நம்பும் ஒரு ஆசிரியையும் சேர்ந்து முடிவு செய்யட்டும், அவளிடம் பேசிய பிறகு. கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிலைமையும் உண்டு, அதில் யோசிக்க அவகாசமே கிடையாது. மெயிலில் பாலியல் தொல்லைக்கான அறிகுறி தெரிந்தால், அது ஆசிரியரானாலும் உறவினரானாலும், உள்ளுக்குள் விசாரித்து முடிக்கும் வேலை பள்ளிக்கு இல்லை. போக்சோ சட்டம் 2012-ன் 19-ஆம் பிரிவு, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. தாளாளருக்கு இந்த வரியை அடிக்கோடிட்டுக் கொடுங்கள். அந்த மெயிலை அழிக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோமே என்று அசலை விட்டுவிடவும் கூடாது. விசாரணைக்கு அசல்தான் வேண்டும்.

ஆசிரியர் மாணவருக்குத் தனியாக மெயில் அனுப்புவதையும் கட்டுப்படுத்துங்கள். பாடம் சம்பந்தமாக வகுப்புக் குழுவுக்கு அனுப்பலாம். ஒரே பிள்ளைக்கு அனுப்ப நேர்ந்தால் வகுப்பாசிரியருக்கு நகல் போகட்டும். நல்ல ஆசிரியருக்கு இது அவமானமாகத் தோன்றலாம். நாளை வீண் பழி வந்தால் அந்த நகல்தான் அவரைக் காப்பாற்றும் என்று சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

தண்டனைப் பகுதியை நீளமாக்காதீர்கள். லேபில் ஒரு சார் லாக்அவுட் செய்யாமல் போய்விட்டார், பையன்கள் அவர் பெயரில் "நாளை லீவ்" என்று மெயில் தட்டிவிட்டார்கள் என்றால் அதற்குப் போலீஸ் வேண்டாம். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு என்று வகுப்பில் ஒருமுறை சொல்லிவைக்கலாம், அவ்வளவுதான். அந்த சாருக்கும் லாக்அவுட் பற்றி ஒரு வார்த்தை.

இத்தனையும் அந்த ஒரு பக்கத்தில் அடங்குமா என்று கேட்பீர்கள். அடங்கும். கணக்கு யாருடையது, யார் எப்போது திறந்து பார்ப்பார்கள், எதை அனுப்பக் கூடாது, தொல்லை வந்தால் யாரிடம் சொல்வது, இவ்வளவுதான் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரிய வேண்டும். சிம், பீரோ, நோட்டு, நோ டியூஸ் எல்லாம் அலுவலகத்துக்கான தனிக் காகிதம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. வரும் சனிக்கிழமை பழைய பிரின்சிபாலின் வீட்டுக்கு நேரில் போய் வாருங்கள், தாளாளரையும் கூட்டிக்கொண்டு. இத்தனை நாள் முகம் சுளிக்காமல் ஓடிபி சொல்லியிருக்கிறார், ஒரு கூடை மாம்பழம் எடுத்துப் போனால் தப்பில்லை. லேப்டாப்பையும் புது சிம் போட்ட பட்டன் போனையும் கையோடு கொண்டுபோய், அவர் முன்னாலேயே மீட்பு எண்ணையும் மீட்பு மெயிலையும் மாற்றுங்கள். பாஸ்வேர்டை மாற்றி, அவர் போனிலிருந்து கணக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும் ஏழு நாள் வரை கூகுள் பழைய எண்ணுக்கே குறியீடு அனுப்ப வாய்ப்பு உண்டு, பயப்பட வேண்டாம் என்று அவரிடமும் சொல்லிவிடுங்கள். எட்டாம் நாள் பள்ளிக் கணினியில் லாக்அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். பீரோவுக்குள் இருக்கும் போன் சத்தம் போட்டால், விதிமுறை எழுத உட்காரலாம்.